பி.என். ரோடு ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டர்: எங்கள் ஜூனியர்களை அனுப்பிப் பார்த்த அனுபவம்

திருப்பூர் பி.என். ரோட்டில் ஒரு ஸ்டேஷனரி கடைக்கு மேலே, முதல் மாடியில் நடக்கும் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பைப் பற்றி எழுதுகிறேன். நான் பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் சீனியர் மெர்ச்சண்டைசர். பையர்களோடு, அதாவது நம்மிடம் துணி வாங்கும் வெளிநாட்டுக்காரர்களோடு, மெயிலிலும் போனிலும் பேசி ஆர்டரைக் கவனிக்கிற வேலை. புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஜூனியர்களை கம்பெனி செலவில் இங்கே அனுப்பினோம். என்ன சொல்லித் தருகிறார்கள் என்று தெரிய வேண்டும் என்பதால் நானும் பல நாள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டேன். மூன்று மாத கோர்ஸ், 6,500 ரூபாய், சாயங்காலம் ஏழு மணியிலிருந்து எட்டரை வரை. வேலைக்கு ஆங்கிலம் தேவைப்படுகிற பிள்ளைகளை இங்கே தாராளமாகச் சேர்க்கலாம். குறைகளும் உண்டு, அதையும் சொல்கிறேன்.

அனுப்பியதற்குக் காரணம், எங்கள் ஆபீஸில் டீ வருகிற நேரத்தில் தினமும் ஓடுகிற பேச்சு. "இப்ப வர்ற பசங்களுக்கு ஒரு மெயில் அடிக்கத் தெரியலைங்க. எங்க காலத்துல எஸ்.எஸ்.எல்.சி. படிச்சவனே லெட்டர் போடுவான்" என்பார் அக்கவுண்ட்ஸ் பெரியவர். முதலாளி ஆமாம் போடுவார். பையிங் ஆபீஸிலிருந்து (பையருக்காக இங்கே ஆர்டரைப் பார்க்கிற ஆபீஸ்) வருகிறவர் அவர் பங்குக்கு நாலு உதாரணம் சொல்லுவார். எல்லாமே அந்தப் பிள்ளைகள் காதில் விழும்படிதான். சில நாள் ஜூனியர் அனுப்பிய மெயிலை முதலாளி சத்தமாக வாசித்தும் காட்டுவார்.

அதனால் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். காங்கேயம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வரும் பெண் ஒருத்தி, பி.காம்., வீட்டில் முதல் பட்டதாரி. ஒரு நேவி கலருக்கு லேப் டிப், அதாவது ஒப்புதலுக்காகச் சாயம் போட்ட சின்னத் துணித் துண்டுகள், ஏ, பி என்று ஆப்ஷனாக அனுப்பியிருந்தோம். 'பி' ஆப்ஷன் ஓகே, ஆனால் பல்க், அதாவது ஆர்டருக்கான மொத்தத் துணி, இன்னும் கொஞ்சம் சிவப்புப் பக்கம் வர வேண்டும் என்று பையரின் கமெண்ட். அவளுக்கு அது ஏறக்குறைய புரிந்திருக்கிறது. எவ்வளவு சிவப்பு, புதிதாக ஒரு லேப் டிப் அனுப்ப வேண்டுமா என்றுதான் சந்தேகம். ஒரு வரி திருப்பிக் கேட்டிருந்தால் முடிந்திருக்கும். கேட்கவில்லை. ஏன் கண்ணு கேட்கலை என்றதற்கு, "தப்பா எழுதிட்டா எல்லார் முன்னாடியும் படிப்பாங்கக்கா" என்றாள். துணி வீரபாண்டி சாயப்பட்டறைக்குப் போய், 'பி' ஷேடிலேயே சாயம் ஏறி, மறுபடி சாயம் போடும்படி ஆயிற்று. அந்த நஷ்டத்தை அவளுடைய ஆங்கிலத்தின் கணக்கில் எழுதினார்கள். என்னைக் கேட்டால், அதை டீ நேரத்துப் பேச்சின் கணக்கில் எழுத வேண்டும்.

பெரியவர்கள் சொல்வதில் உண்மையே இல்லை என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகளின் படிப்புத் திறனைச் சோதிக்கும் ஏசர் ஆய்வு 2023இல் கிராமப்புறங்களில் 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களைப் பார்த்தது. ஆங்கில வாக்கியங்களை வாசிக்க முடிந்தவர்கள் 57.3 சதவீதம். வாசித்தவர்களிலும் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேரால்தான் அர்த்தம் சொல்ல முடிந்தது. தமிழ்நாட்டில் 2012-13 முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் பெருகின, ஆனால் பரீட்சை என்னவோ எழுத்துப் பரீட்சைதான். பிளஸ் டூ ஆங்கிலத்தில் 90 மதிப்பெண் எழுதுவதற்கு, 10 அகமதிப்பீட்டுக்கு. கைடைப் பார்த்து மனப்பாடம் செய்து எழுதினாலே பாஸ். வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்டால் எத்தனை மார்க் என்று எந்தப் பிள்ளைக்கும் தெரியாது, அப்படி ஒன்று இருந்தால்தானே. பன்னிரண்டு வருஷம் பேச விடாமல் வைத்திருந்து, பதிமூன்றாவது வருஷம் பேச்சு வரவில்லையே என்று பிள்ளையைக் கேட்பது என்ன நியாயம்?

"எங்க காலத்துல" என்பதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. நான் வரலாறு படித்தவள், டி.என்.பி.எஸ்.சி.க்கும் தயார் செய்திருக்கிறேன். கர்சன் பிரபு காலத்தில் 1902இல் ஒரு பல்கலைக்கழகக் கமிஷன் போட்டார்கள், அதைத் தொடர்ந்துதான் 1904 பல்கலைக்கழகச் சட்டம் வந்தது. மெட்ரிகுலேஷன் முடித்துக் கல்லூரிக்கு வருகிற மாணவர்களுக்கு ஆங்கிலத்தில் நடத்தும் பாடம் புரிவதில்லை என்று அந்தக் கமிஷன் அறிக்கையிலேயே குறைபட்டிருக்கிறார்கள். இவர்கள் உயர்த்திச் சொல்லும் எந்தக் காலத்துக்கும் முந்தைய புகார் இது. நம் ஊருக்கே வருவோம். திருப்பூர் ஏற்றுமதியின் கதையை 1978இல் இத்தாலியிலிருந்து வெரோனா என்பவர் வந்ததிலிருந்துதான் தொடங்குவார்கள். அன்றைக்கு அவரோடு வியாபாரம் பேசியவர்களில் எத்தனை பேர் ஆங்கிலத்தில் எம்.ஏ.? பேசினார்கள், புரியாததைத் திரும்பக் கேட்டார்கள், சாம்பிளைக் கையில் வைத்துக் காட்டினார்கள், சரக்கு போயிற்று. அப்படித் தொடங்கிய ஊர் இன்றைக்கு வருஷத்துக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி செய்கிறது.

சரி, வகுப்புக்கு வருகிறேன்.

டீச்சர் முன்பு ஒரு ஷிப்பிங் ஏஜென்ஸியில் டாக்குமெண்டேஷன் பார்த்தவர். அதுதான் இந்த சென்டரின் பெரிய பலம். டென்ஸ் அட்டவணையை போர்டில் எழுதி அவர் ஆரம்பிப்பதில்லை. முதல் நாளே, "நீங்க அனுப்பின மெயில் ரெண்டை பிரிண்ட் எடுத்துட்டு வாங்க, பையர் பேரையும் விலையையும் மட்டும் அடிச்சிடுங்க" என்கிறார். அந்த மெயில்தான் பாடப் புத்தகம்.

எங்கள் பையன் ஒருவன் கொண்டுபோனதில் இப்படி இருந்தது: "சார், டியூ டு சம் ப்ராப்ளம் இன் டையிங் ஸ்மால் டிலே இஸ் தேர், வில் செண்ட் சூன், கைண்ட்லி அட்ஜஸ்ட்." எங்கள் ஆபீஸாக இருந்தால் இதைப் படித்துச் சிரித்து முடித்திருப்பார்கள். டீச்சர் இலக்கணத்தைத் தொடவே இல்லை. என்ன ப்ராப்ளம், எத்தனை நாள் டிலே, பையர் இப்போது என்ன செய்ய வேண்டும் என்று மூன்றே கேள்வி, அதுவும் தமிழில். பையன் தயங்காமல் சொன்னான்: "நேவி ஷேடு வரலீங்க மேடம், திரும்ப சாயம் போடுறோம், நாலு நாள் ஆகும். ஷிப்மென்ட் தேதியை 18க்கு மாத்திக் குடுத்தாப் போதும்." "இவ்வளவுதான் மெயில், இதை அப்படியே இங்கிலீஷ்ல போடு" என்றார். வகுப்பு முழுக்கச் சேர்ந்து போட்டதில் வந்தது: "தி நேவி ஷேட் ஃபெயில்ட் இன் பல்க். வீ ஆர் ரீ-டையிங் இட் நௌ. திஸ் வில் டேக் ஃபோர் டேஸ். ப்ளீஸ் கன்ஃபர்ம் ஷிப்மென்ட் ஆன் 18 ஜூன்."

நாலு சின்ன வாக்கியம். அந்தப் பையனுக்கு இதில் தெரியாத வார்த்தை ஒன்றுகூட இல்லை. என்ன சொல்ல வேண்டும் என்பதும் தெரியும். பெரியவர்கள் எழுதுகிற மாதிரி எழுதினால்தான் ஆங்கிலம் என்று நினைத்து, 'கைண்ட்லி'யையும் 'அட்ஜஸ்ட்'டையும் போட்டு விஷயத்தை மறைத்துவிட்டான். நம்மிடம் துணி வாங்குகிற ஜெர்மன்காரருக்கும் ஸ்பெயின்காரருக்கும் ஆங்கிலம் தாய்மொழி இல்லை. அவர்களுக்குத் தேதியும் எண்ணிக்கையும் கண்ணில் பட வேண்டும். அதைச் சொல்லித் தருகிற இடத்தை இப்போதுதான் பார்க்கிறேன்.

போனில் பேசுகிற பயிற்சியும் நன்றாக இருக்கிறது. இரண்டு பேரை முதுகுக்கு முதுகு உட்கார வைத்துவிடுகிறார். போனில் முகம் தெரியாதே, அதனால். மெஷர்மென்ட் சார்ட்டை ஒருவர் வாசிக்க வேண்டும், மற்றவர் எழுதிக்கொள்ள வேண்டும். ஃபிஃப்டீன், ஃபிஃப்டி குழப்பம் வந்துகொண்டே இருந்தது. எண்ணைச் சொன்னதும் "ஒன் ஃபைவ்", "ஃபைவ் ஜீரோ" என்று தனித்தனியாகவும் சொல்லப் பழக்கினார். புரியவில்லை என்றால் உடனே கேட்பதற்கு நாலைந்து வாக்கியம் கொடுத்து, அதை வாயில் வரும்வரை சொல்ல வைக்கிறார். என் பார்வையில் மொத்த கோர்ஸிலும் காசு பெறுவது இதுதான். புரியாதபோது ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுகிற பழக்கத்தால்தான் எங்கள் தொழிலில் துணி வீணாகிறது.

தப்பு செய்தால் நடுவில் நிறுத்துவதில்லை. சின்ன நோட்டில் குறித்துக்கொண்டு, வகுப்பு முடிந்த பிறகு அவரவருக்குத் தனியாகச் சொல்கிறார். என் அக்கா பையன் வேறொரு சென்டருக்குப் போனான். அங்கே தமிழில் ஒரு வார்த்தை பேசினால் ஐந்து ரூபாய் ஃபைன். அவன் காசு கட்டவில்லை, வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டான். இங்கே தமிழில் யோசிக்கலாம், தமிழில் கேட்கலாம்.

இப்போது குறைகள். முதலாவது, வாசலில் தொங்கும் பேனர். ஆங்கிலம் தெரியாமல் நாலு பேர் முன்னால் தலைகுனிந்து நிற்கிறீர்களா என்று பெரிய எழுத்தில் போட்டு, பக்கத்தில் ஒரு பையன் தலையைக் குனிந்து நிற்கிற படம். உள்ளே டீச்சர் எதைப் பிள்ளைகள் மனதிலிருந்து எடுக்கப் பாடுபடுகிறாரோ, அதையே வாசலில் விற்கிறார்கள். எங்கள் காங்கேயம் பெண் முதல் நாள் அந்தப் படிக்கட்டில் ஏறவே யோசித்தாள். நிர்வாகத்திடம் சொன்னேன், "அப்படிப் போட்டாத்தாங்க அட்மிஷன் வருது" என்றார்கள். எனக்கு அது பதிலாகத் தெரியவில்லை.

அதே மாதிரிதான் பெற்றோர் கூட்டமும். காலேஜ் பிள்ளைகளின் அப்பா அம்மாவை வரச்சொல்லி, செல்போனால் இந்தத் தலைமுறையின் ஆங்கிலமே கெட்டுப்போச்சு என்று மேனேஜர் அரை மணி நேரம் பேசினார். பெற்றோர்கள் பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்து முறைத்தார்கள். நான் பார்த்த வரையில் விஷயம் வேறு. இந்தப் பிள்ளைகள் நாங்கள் அந்த வயதில் கேட்டதைவிடப் பல மடங்கு ஆங்கிலம் காதால் கேட்கிறார்கள். கிரிக்கெட் கமெண்டரி, கேம், வீடியோ எல்லாவற்றிலும் கேட்கிறார்கள். காதில் விழுந்ததைப் பிடித்துக்கொள்கிறார்கள், உச்சரிப்பு எங்களுடையதைவிடத் தெளிவு. அவர்களுக்கு வராதது, ஒரு விஷயத்தை ஆரம்பம் முதல் கடைசி வரை நாலு வரியில் கோர்த்து எழுதுவது. எங்களுக்கும் அது வந்ததில்லை. 'வித் ரெஃபரன்ஸ் டு யுவர் லெட்டர்' என்று தொடங்கும் ஃபார்மட்டை மனப்பாடம் செய்து வைத்திருந்தோம், நடுவில் எண்களை மட்டும் மாற்றினோம். அதைப் பெரிய ஆங்கிலம் என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

மற்ற குறைகள் சின்னவை. கேட்டுப் பழகுவதற்குப் போடும் ஆடியோ எல்லாம் அமெரிக்க உச்சரிப்பில் இருக்கிறது. எங்களுக்கு வரும் போன் ஸ்பெயினிலிருந்தும் டென்மார்க்கிலிருந்தும், அந்த உச்சரிப்பைக் கேட்க வைத்தால் உதவியாக இருக்கும். சர்டிபிகேட்டுக்குத் தனியாக 500 ரூபாய் வாங்குகிறார்கள், சேரும்போது அதைச் சொல்வதில்லை. ஞாயிறு பேட்சில் ஆள் அதிகம், ஒவ்வொருவருக்கும் பேச வாய்ப்பு கிடைப்பதில்லை.

பலன் என்ன என்று கேட்டால், இலக்கணம் திருந்திவிடவில்லை. 'ஹி டோண்ட்' இன்னும் வருகிறது. ஒழுங்காக வராத ஒரு பையனிடம் எந்த மாற்றமும் இல்லை. ஆனால் அந்த காங்கேயம் பெண் இப்போது பையருக்கு நேரடியாக மெயில் போடுகிறாள், என்னிடம் காட்டுவதுகூட இல்லை. போன மாதம் ஒரு பி.பி. சாம்பிள் (தயாரிப்பு தொடங்கும் முன் ஒப்புதலுக்கு அனுப்பும் சாம்பிள்) கமெண்டில் கழுத்து அளவு டெக் பேக்கோடு (பையர் தரும் அளவு விவரங்களோடு) ஒத்துப்போகவில்லை என்று அவளே கண்டுபிடித்து, எது சரி என்று இரண்டு வரியில் கேட்டாள். பழைய அளவைத் தவறுதலாகப் போட்டுவிட்டோம் என்று பையரிடமிருந்து அன்றே பதில் வந்தது. கட்டிங் போவதற்கு முன்னால் பிடித்துவிட்டோம்.

ஆபீஸிலும் முதலாளியிடம் பேசினேன். மெயிலைச் சத்தமாக வாசிப்பதை நிறுத்திவிட்டார், தப்பு இருந்தால் கேபினுக்குக் கூப்பிட்டுச் சொல்கிறார். அக்கவுண்ட்ஸ் பெரியவர் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார். நான் ஒவ்வொரு தடவையும் பதில் சொல்கிறேன்.

சேர நினைப்பவர்கள் வார நாள் பேட்சில் சேருங்கள், இந்த டீச்சர் அதில்தான் வருகிறார். டெமோ வகுப்பு இலவசம், போகும்போது உங்கள் மெயில் ஒன்றிரண்டைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போங்கள். வண்டி நிறுத்த கீழே இடமில்லை, ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்பே போய்விடுவது நல்லது. சர்டிபிகேட் வேண்டுமா வேண்டாமா என்பதைப் பணம் கட்டும்போதே பேசிக்கொள்ளுங்கள். எங்களுக்கு அது தேவைப்படவில்லை.