ரெண்டு லிட்டர் கணக்கு: வெளிநாட்டு பீரைப் பாண்டிக்குக் கொண்டுவரும் பாடு

கடலூர் நண்பர் ஒருவரின் கேள்விதான் இதை எழுத வைத்தது. "பெல்ஜியத்துல இருக்கிற மச்சான் ஒரு பெட்டி பீரை கூரியர்ல போட்டுவிடுறேங்கிறான், வீடு வந்து சேருமா அண்ணே?"

சேராது. தனியாள் இன்னொரு தனியாளுக்கு மது அனுப்புவதைப் பெரிய கூரியர் நிறுவனங்கள் பொதுவாக ஏற்பதே இல்லை. அமெரிக்க அஞ்சல் துறை பீரைக் கையாலும் தொடாது. பெட்டி மேல் 'பழச்சாறு' என்று எழுதி அனுப்பிப் பார்க்கலாம் என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. எக்ஸ்ரேயில் பன்னிரண்டு பாட்டில் பன்னிரண்டு பாட்டிலாகத்தான் தெரியும். பீரும் போய், பொய்யாக எழுதியதற்குப் பதிலும் சொல்ல வேண்டிவரும். முறைப்படி இறக்குமதி செய்வதென்றால் இறக்குமதியாளர் எண், உணவுப் பாதுகாப்பு உரிமம், மாநிலக் கலால் துறையில் லேபிள் பதிவு என்று போகும். ஒரு பெட்டிக்கு யாரும் அந்தக் கதவைத் தட்டமாட்டார்கள்.

ஆக, மிச்சமிருப்பது ஒரே வழி: வருகிறவர் சூட்கேஸில் வைத்துக் கொண்டுவருவது. பல வருடமாக ஓடிக்கொண்டிருக்கும் வழி, நல்ல வழிதான். ஆனால் இதில் ஒரு முள் இருக்கிறது. எத்தனை முறை வந்தாலும் அதே இடத்தில் குத்துகிறது.

வரியில்லாமல் கொண்டுவர ஒரு பயணிக்கு 2 லிட்டர். விஸ்கியா, ஒயினா, பீரா என்ற பேதம் கிடையாது. சட்டம் அளப்பது திரவத்தை, அதற்குள் இருக்கும் சாராயத்தை அல்ல. 42.8 சதவீத விஸ்கி 2 லிட்டரில் சுத்த ஆல்கஹால் 856 மில்லி. 5 சதவீத லாகர் (கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் வெளிர் பீர்) 2 லிட்டரில் வெறும் 100 மில்லி. விஸ்கிக்காரர் ரெண்டு லிட்டர் பாட்டிலோடு வந்து மாதக்கணக்கில் ஓட்டுகிறார். பீர்க்காரர் ஆறு கேனோடு வந்து ஒரு கிரிக்கெட் மேட்சில் முடித்துவிடுகிறார். இரண்டு பேருக்கும் ஒரே கோடு! அரிசிக்கும் பொரிக்கும் ஒரே படியில் வரி போட்ட மாதிரி.

கோடு இதுதான் என்றான பிறகு, கேன் அளவைப் பார்க்காமல் வாங்கினால் நஷ்டம். 330 மில்லி ஆறு என்றால் 1.98 லிட்டர், கச்சிதம். 500 மில்லி நாலு என்றால் சரியாக 2 லிட்டர். அமெரிக்க கேன் 355 மில்லி. கடையில் சிக்ஸ் பேக் என்று அட்டையோடு விற்பார்கள், அப்படியே தூக்கி வைத்தால் 2.13 லிட்டர். ஒரு கேனைக் கழற்றி அங்கேயே குடித்துவிட்டு வருவது உத்தமம். 440 மில்லி கின்னஸ் நாலு 1.76 லிட்டர்தான், மிச்ச 240 மில்லியில் வைக்க எதுவும் கிடைக்காது. பெரிய 750 மில்லி பாட்டில் பிடிக்குமென்றால் ரெண்டு வைத்து, கூட ஒரு 500 மில்லி சேர்த்தால் கணக்கு நேராகும்.

கொஞ்சம் கூடினால் என்ன ஆகும்? அதிகாரி விட்டாலும் விடலாம். விடவில்லையென்றால் கூடுதல் பீருக்கு அடிப்படைச் சுங்கமே 100 சதவீதம், அதற்கு மேல் கூடுதல் வரியும் உண்டு. ரெட் சேனலில் போய்த் தானாகச் சொன்னால் பணத்தோடு போகும். க்ரீன் சேனலில் நடந்து மாட்டினால் பீரே போகும். குடும்பமாக வந்தால் ஒருவர் பங்கை இன்னொருவர் கணக்கில் சேர்க்கவும் முடியாது. மனைவியின் 2 லிட்டர் மனைவியின் பெட்டியில் இருக்கட்டும். சென்னையில் இறங்கியபின் டூட்டி ஃப்ரீ கடையில் வாங்குவதும் இதே 2 லிட்டருக்குள்தான்; பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

விமான விதி, ஆச்சரியமாக, பீருக்குச் சாதகம். 24 சதவீதத்துக்கு மேல் 70 வரை உள்ள மதுவுக்கு ஒருவருக்கு 5 லிட்டர் வரம்பு. 24-க்குக் கீழே அந்த வரம்பே இல்லை. கைப்பையில் மட்டும் வைக்க முடியாது, 100 மில்லி திரவ விதி தடுக்கும். ஒரு எச்சரிக்கை: குவைத், சவுதி, ஷார்ஜா வழியாக டிக்கெட் போட்டு, நடுவில் பெட்டியை எடுத்துத் திரும்பப் போட வேண்டியிருந்தால் பீரை மறந்துவிடுங்கள். அங்கே மதுவுக்குத் தடை.

"மேலே போனால் வெடிக்காதா?" இது அடுத்த கேள்வி. வெடிக்காது. 20 டிகிரியில் பீர் கேனுக்குள் அழுத்தம் வெளியைவிட ஏறத்தாழ 2 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) அதிகம். விமானம் உயரத்தில் இருக்கும்போது அதோடு சேருவது கால் பார். கேன் இதைச் சட்டை செய்யாது. அதே கேன் 40 டிகிரி வெயிலில் கிடந்தால் உள்ளழுத்தம் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும். ஆகாயத்தைவிட நம்மூர் கார் டிக்கிதான் ஆபத்து.

பாட்டில் உடைவது பாட்டிலோடு பாட்டில் இடித்து, பெரும்பாலும் கழுத்தில். கேன் கசிவது மூடி விளிம்பு நசுங்கி. ஒவ்வொன்றையும் தனித்தனி ஜிப் கவரில் போட்டு, காற்றைப் பிதுக்கி மூடி, மேலே கனமான காலுறை அல்லது துண்டு சுற்றி, பெட்டியின் நடுவில், எல்லாப் பக்கச் சுவரிலிருந்தும் நாலு விரல் தள்ளி வைக்க வேண்டும். சக்கரம் இருக்கும் பக்கம் வேண்டாம், பெட்டியைப் போடும்போது முதல் அடி அங்கேதான் விழும். பபுள் ரேப்பைவிட ஜீன்ஸ் நல்லது, கூடுதல் எடையும் இல்லை. எடையில் கேனுக்கே வெற்றி: 330 மில்லி கேன் ஆறு 2 கிலோவுக்குச் சற்று மேல், அதே அளவு கண்ணாடி பாட்டில் மூன்றரைக் கிலோ. கவர் இல்லாமல் வைத்த ஒரே ஒரு கேன் ஊசிமுனை அளவு கசிந்தால் போதும், பெட்டி முழுக்கப் புளித்த மாவு வாசனை. இரண்டு முறை துவைத்தாலும் பெட்டியின் உள்துணி விடாது.

பாண்டிக்கு வெளிநாட்டு விமானம் இல்லாததால் மீனம்பாக்கத்திலிருந்து சாலை வழி மூன்று மணி நேரமாவது ஆகும். ஈசிஆரில் பகல் நேரம் டிக்கியில் பெட்டியை வைத்தால் மரக்காணம் உப்பளம் தாண்டுவதற்குள் உள்ளே அடுப்பு. பெட்டியைப் பின்சீட்டில், ஏசி படும் இடத்தில் வையுங்கள். மே மாதமென்றால் இரவு விமானம் பாருங்கள்.

கடலூர்க்காரர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. திண்டிவனம், பாண்டி வழியாக வந்தால் ஆல்பேட்டையில் மறுபடி தமிழ்நாட்டுக்குள் நுழைகிறீர்கள், பெட்டியில் மது. பாண்டிச் சரக்கு என்ற சந்தேகம் இயல்பாக வரும். கடை பில், போர்டிங் பாஸ் இரண்டும் கையில் இருக்கட்டும், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். விளக்கம் சொல்லவே பிடிக்காது என்றால் விழுப்புரம், பண்ருட்டி, நெல்லிக்குப்பம் வழி. சுற்றுத்தான், ஆனால் பாண்டி எல்லையே குறுக்கிடாது.

எதைக் கொண்டுவருவது என்பதில்தான் பெரும்பாலோர் பணத்தை வீணாக்குகிறார்கள். சாதாரண லாகரைச் சுமந்து பாண்டிக்கு வருவது திருநெல்வேலிக்கே அல்வா கொண்டுபோகிற வேலை. ஹாப்ஸ் பூ தூக்கலாகச் சேர்க்கும் கசப்பு வகையான ஐபிஏ இன்னும் மோசம். ஹாப்ஸ் வாசனைக்கு ஆயுசு குறைவு. பீர்த் தொழிலில் ஒரு கைக்கணக்கு உண்டு: 32 டிகிரியில் 3 நாள், 22 டிகிரியில் 30 நாள், 3 டிகிரியில் 300 நாள், மூன்றும் ஒரே அளவு பழசாக்கும். வெப்பத்தில் கெட்ட பீரில் நனைந்த அட்டை வாசனை வரும். பச்சைக் கண்ணாடி, வெள்ளைக் கண்ணாடி பாட்டிலில் வெளிச்சம் பட்டால் வேறொரு நாற்றம். பழுப்புக் கண்ணாடியும் கேனும்தான் நமக்கு.

தாங்குவது வலுவான, கறுத்த, பாட்டிலுக்குள் ஈஸ்ட் உயிரோடு இருக்கும் வகைகள். இந்திய விதியில் 'ஸ்ட்ராங்' பீரே 8 சதவீதத்தோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேலே இருப்பதற்குத்தான் இந்தச் சுமை நியாயம். ரோஷ்ஃபோர் 10 என்ற பெல்ஜிய டிராப்பிஸ்ட் (துறவி மடத்தில் காய்ச்சும்) பீர் 11.3 சதவீதம், 330 மில்லி பாட்டில். ஆறு பாட்டிலில் ஆல்கஹால் 224 மில்லி. விஸ்கிக்காரரோடு கணக்குத் தீரவில்லை, ஆனால் அவமானம் கொஞ்சம் குறைகிறது. கொழும்பிலிருந்து வருகிறவர் என்றால் லயன் ஸ்டவுட் என்ற கறுப்பு பீர், 8.8 சதவீதம். காபியும் கருப்பட்டியும் கலந்த வாசனை, ஒன்றரை மணி நேரத்துக்குள் விமானம் சென்னையில், பழசாக நேரமே இல்லை. செலவுக்குக் கிடைக்கும் பலனில் இதை மிஞ்ச ஒன்றுமில்லை. ஓர்வல் என்ற இன்னொரு பெல்ஜிய பீர் பிடித்தவர்கள் ஜாக்கிரதை: அதிலுள்ள காட்டு ஈஸ்ட் நம் வெப்பத்தில் மும்முரமாக வேலை செய்து வாயுவை ஏற்றிவிடும். சிங்க்குக்கு மேல் பிடித்துத் திறங்கள்.

வந்ததும் திறக்கத் துடிக்காமல் இரண்டு நாள் நிற்கவைத்து விடுங்கள், கதவுத் தட்டில் அல்ல, ஃப்ரிட்ஜின் அடித்தட்டில், பின்பக்கம். ஃப்ரீசரில் வைத்து மறந்தால் கேன் பிளந்துவிடும். அடியில் வண்டல் படிந்திருக்கும். ஒரே மூச்சில், பாட்டிலைச் சாய்த்த சாய்ப்பில் ஊற்றி, கடைசி ஒரு விரல் அளவைப் பாட்டிலிலேயே விடவேண்டும்.

பணம், எடை, சுங்கம், வெயில் என்று கூட்டிப் பார்த்தால் இது முட்டாள்தனம். கணக்குத் தெரிந்தவன் ஒரு விஸ்கியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவான். கடலூர் நண்பருக்குச் சொன்ன பதில்: கூரியர் வேண்டாம், மச்சான் பொங்கலுக்கு வரும்போது ரோஷ்ஃபோர் 10 ஆறு பாட்டில், ஆறு ஜோடி காலுறையோடு.