செங்காந்தள் கிழங்கு வாங்க நம்பிப் போகலாம்

ஒட்டன்சத்திரம் பக்கம் இருக்கிற இந்த நர்சரியில் எனக்கு முதலில் பிடித்தது, காட்டில் தோண்டிய கிழங்கை அவர்கள் விற்பதில்லை. விதைக்காகக் கண்வலிக்கிழங்கு (செங்காந்தளின் இன்னொரு பெயர்) பயிரிடும் விவசாயிகளிடம் வாங்கியதைத்தான் தருகிறார்கள். வேலியோரம், புதர்க்காடு என்று தானாக ஏறிக் கிடந்த கொடி, மருந்துக்குத் தோண்டித் தோண்டியே பல இடங்களில் அருகிப்போனது. நம் மாநில மலருக்கு இந்த நிலைமை வந்திருக்க வேண்டாம்.

கலப்பை மாதிரி வளைந்த கிழங்கின் நுனியில்தான் முளை இருக்கும், ஒடிந்தால் வீண். ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தேங்காய் நாரில் பொதிந்து கொடுத்தார்கள். மழை தொடங்கியதும் மணல் கலந்த மண்ணில், முள்வேலி ஓரமாக வைத்தேன். இலை நுனியே சுருண்டு கம்பியைப் பற்றிக்கொள்கிறது. பூ பச்சையாக விரிந்து, மஞ்சளாகி, அப்புறம் செக்கச்செவேலென்று மாறுகிறது. ஆறு இதழ்களும் மேல்நோக்கி மடங்க, சூல்தண்டு மட்டும் பக்கவாட்டில் திரும்பி நிற்கிறது. என்ன அழகு!

ஒரே குறை, பையில் எச்சரிக்கைச் சீட்டு இல்லை. கிழங்கில் கோல்சிசின் என்ற கொடிய நஞ்சு உண்டு. தின்றால் உயிருக்கே ஆபத்து. குழந்தைகள், ஆடு மாடு இருக்கும் வீட்டில் கவனம். கோடையில் கொடி காய்ந்ததும் பிடுங்கிப் போட்டுவிடாதீர்கள். தண்ணீரை நிறுத்துங்கள், அடுத்த மழைக்குக் கிழங்கு தானே முளைக்கும்.