பஸ்ஸில் வந்த பத்து முழம்

போன வருஷம் தை மாதம் ஆயாவின் (எங்கள் பாட்டி) பிறந்தநாளுக்குச் சிங்கப்பூரில் இருந்தபடியே பூ அனுப்பினேன். காரைக்குடிப் பக்கம் இருக்கும் எங்கள் ஊர் கானாடுகாத்தானின் பின்கோடை ஏற்றுக்கொண்ட ஓர் இணையதளம் கிடைத்தது, 1,850 ரூபாய். காலை பத்து மணிக்குள் போய்விடும் என்றார்கள். போனது மாலை ஆறரைக்கு.

இந்தத் தையில் பத்து நாள் லீவில் ஊருக்குப் போனபோதுதான் முழுக் கதையும் தெரிந்தது. பூ கொண்டுவந்த பையன் மதியம் இரண்டு மணிக்கே தெருவுக்கு வந்துவிட்டானாம். எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகள் ஒரு தெருவில் முகப்பில் தொடங்கி அடுத்த தெருவில் பின்கட்டோடு முடிகிறவை. மேப் அவனைப் பின்வாசலில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது. அந்தக் கதவைத் திறந்தே வருஷக்கணக்கு ஆகிறது. தட்டினாலும் நடுவில் இருக்கும் வளவு முற்றத்தைத் தாண்டி ஆயா காதுக்கு எட்டாது. போன் பண்ணலாம் என்றால், ஆர்டரில் நான் கொடுத்திருந்தது சிங்கப்பூர் நம்பர். அவன் சிம்மிலிருந்து வெளிநாட்டுக்குக் கால் போகவில்லை. கதவு எண்ணை வைத்துக்கொண்டு நாலு பேரிடம் கேட்டிருக்கிறான். இங்கே கதவு எண் யாருக்குத் தெரியும்? வீட்டு விலாசம் கேட்டால் சின்னப்பிள்ளைகூடக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து விடும். விலாசம் என்றால் தெருப் பெயர் இல்லை. பாட்டன், பூட்டன் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்துச் சொல்வோமே, அது. அதை நான் ஆர்டரில் எழுதவே இல்லை. பாதித் தப்பு என்மேல்தான்.

வந்த பூ ஜெர்பராவும் ரோஜாவும், சரசரக்கும் கண்ணாடித் தாளில் சுற்றியது. "வாசமே இல்லையேப்பா, இதை ஐயா படத்துக்கு எப்படிப் போடுறது?" என்று ஆயா இப்போதும் கேட்கிறார். ஐயா என்றால் எங்கள் தாத்தா. பூவை உருவிச் சொம்பில் வைத்துவிட்டு, அடியில் இருந்த பச்சை ஸ்பாஞ்சைப் பாத்திரம் தேய்க்க எடுத்திருக்கிறார். அது பொடிப்பொடியாக உதிர்ந்து தண்ணீர் போகிற வழியை அடைத்துக்கொண்டதாம்.

சரி, இந்த வருஷம் வேறு வழி பார்ப்போம் என்று காரைக்குடிக்குப் போய்ப் பூக்கடை அக்கா ஒருவரிடம் பேசினேன். மல்லி கிலோ 3,000 ரூபாயைத் தொட்டிருந்தது. மார்கழி, தைப் பனியில் மொட்டு அவ்வளவாகப் பிடிக்காது. முகூர்த்தமும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். விலை கட்டாதவர்களுக்குக் காக்கட்டான் தொடுத்துத் தருகிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் மல்லி மாதிரியே இருக்கும், மூக்கருகே கொண்டுபோனால் தெரிந்துவிடும். மதுரை மாட்டுத்தாவணியிலிருந்து விடிகாலையில் வரும் மொட்டுகளைப் பகலுக்குள் தொடுத்தால்தான் சாயங்காலம் வீட்டில் வைத்துப் பூக்கும். அதனால் ஆர்டரை முதல் நாள் இரவே சொல்லிவிட வேண்டும் என்றார்.

"நான் சிங்கப்பூர்ல இருந்து சொன்னா கானாடுகாத்தானுக்கு அனுப்புவீங்களாக்கா?"

"பஸ்ஸுல போட்டு விடுறேன் தம்பி. ஸ்டாப்புல ஆள் நின்னாப் போதும்."

இது எனக்குத் தோன்றவே இல்லை. பதினைந்து கிலோமீட்டர் போல இருக்கும். ஆட்டோ வைத்தால் பூ விலையை விட ஆட்டோ விலை கூடிவிடும். சாப்பாடு கொண்டுவரும் ஆப்பில் ஆயா வீட்டைப் போட்டுப் பார்த்தேன், இந்த இடத்துக்குச் சேவை இல்லை என்று வந்தது. மதுரையிலிருந்து அக்கா கடைக்கு வரும் பூவே பஸ்ஸில்தான் வருகிறது.

ஊரில் இருக்கும்போதே ஒருமுறை சோதித்துவிடலாம் என்று பிறந்தநாளுக்கு முதல் நாள் இரவு வாட்ஸாப்பில் சொன்னேன்: மல்லி பத்து முழம், ஐயா படத்துக்கு ஒரு கதம்பச் சரம். மல்லி முழம் 70 ரூபாய். வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்தியாவில் வைத்துக்கொள்ளும் என்ஆர்ஓ வங்கிக் கணக்கைச் சிங்கப்பூர் நம்பரிலேயே யுபிஐயில் சேர்க்க முடிகிறது, அதனால் அங்கிருந்து பணம் அனுப்புவதும் சிக்கலில்லை. மறுநாள் பதினொன்றரைக்கு அக்காவிடமிருந்து ஒரு போட்டோ வந்தது: பஸ்ஸின் முன்கண்ணாடி, உள்ளே டிரைவர் பக்கத்தில் என் பார்சல். கூடவே ஒரு வரி, "டிரைவர் அண்ணனுக்கு டீக்காசு 30 குடுத்துருங்க."

பஸ் வந்ததும் நான் கையை நீட்டுவதற்குள் டிரைவர் ஜன்னல் வழியாகவே நீட்டினார். வாழை இலையில் சுற்றி, நாரால் கட்டி, மேலே தண்ணீர் தெளித்திருந்தது. இலைமேல் பேனாவால் எங்கள் வீட்டு விலாசம். ஆள் வராவிட்டால் ஸ்டாப்பை ஒட்டிய டீக்கடையில் கொடுத்துவிடுவாராம், அங்கேயே யாராவது கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார்களாம்.

ஆயா பார்சலைப் பிரித்தார். மரிக்கொழுந்து வாசம்தான் முதலில் எழுந்தது. கதம்பம் ஐயா படத்துக்குப் போனது. அப்புறம் மல்லியை எடுத்து முழங்கையிலிருந்து விரல் நுனி வரை வைத்து அளக்க ஆரம்பித்தார்.

"பத்துன்னா சொன்னே? ஒன்பதரைதான் இருக்கு."

அக்காவுக்குக் கை கொஞ்சம் குட்டை. அடுத்த தடவை பதினொன்று சொல்ல வேண்டும்.