மிட்சுயி, மிட்சுபிஷி, இதோச்சு: மூணு டிரேடிங் கம்பெனி, மூணு விதமான அடி

2020 ஆகஸ்ட் 30, வாரன் பஃபெட்டுக்கு 90 வயசு முடிஞ்ச நாள். அன்னைக்குத்தான் ஜப்பான்ல அஞ்சு கம்பெனில ஒவ்வொண்ணுலயும் 5 சதவீதத்துக்கு மேல ஷேர் வாங்கி வச்சிருக்கேன்னு வெளிய சொன்னாரு. அதுக்கப்புறம்தான் நம்மாளுங்க பாதி பேரு சோகோ ஷோஷாங்கற வார்த்தையையே கேள்விப்பட்டோம். ராமென்ல ஆரம்பிச்சு ஏவுகணை வரைக்கும் எதுவேணா வாங்கி விக்கிற டிரேடிங் கம்பெனிங்கன்னு ஜப்பான்ல சொல்லுவாங்க, அந்த அஞ்சும் இந்த ரகம்தான். அஞ்சுல சுமிடோமோ, மாருபெனிய இப்போதைக்கு ஓரமா வச்சிடுறேன், மத்த மூணும்தான் எனக்கு சுவாரஸ்யம்.

முன்னாடியே ஒண்ணு சொல்லிடறேன், மிட்சுபிஷின்னதும் பஜேரோவும் ஏசியும் ஞாபகம் வரும், நம்ம திருவள்ளூர்லயே லான்சர் அசெம்பிள் பண்ணாங்க, ஆனா அந்த கார் கம்பெனி வேற, நான் சொல்ற டிரேடிங் கம்பெனி வேற. பேரும் மூணு வைர லோகோவும் ஒண்ணு, கார் கம்பெனில டிரேடிங் கம்பெனிக்கு கொஞ்சம் பங்கும் இருக்கு, ஆனா ரெண்டும் தனித்தனி.

ஆரம்பத்துல இருந்தே மூணும் மூணு ரகம். மிட்சுயி குடும்பம் 1673லயே எடோவுல, அதாவது இன்னைக்கு டோக்கியோவுல, எச்சிகோயான்னு துணிக்கடை போட்டவங்க, பேரம் கிடையாது, ஒரே விலை, ரொக்கம் மட்டும். ஆனா 1876ல டிரேடிங் கம்பெனி தொடங்கும்போது அந்த பணக்கார குடும்பமே பயந்துடுச்சு, முதல்னு ஒரு காசு போடல, மிட்சுயி பேங்க்ல 50,000 யென் வரைக்கும் ஓவர்டிராஃப்ட் எடுத்துக்கோன்னு விட்டுட்டாங்க. நடத்தறதுக்கு வந்தவர் மசுதா தகாஷி, வயசு 27. கையில சரக்கும் இல்ல முதலும் இல்ல, அடுத்தவன் சரக்க வித்து கமிஷன் எடுக்கணும், அதனால அரசாங்கத்தோட மீகே சுரங்க நிலக்கரிய வெளிநாட்டுல வித்துக் குடுத்தாங்க, இங்கிலாந்துல இருந்து நூற்பு மெஷின் எறக்குனாங்க, பம்பாய்ல ஆபீஸ் போட்டு நம்ம பருத்திய வாங்கி அனுப்புனாங்க. முழுக்க ஆளோட சாமர்த்தியத்துல ஓடுன பொழப்பு.

மிட்சுபிஷி அப்படி இல்ல. அது இவாசாகி யதாரோவோட கப்பல் கம்பெனி, அவரு வச்சதுதான் சட்டம். 1882ல மிட்சுயியும் ஷிபுசாவாங்கற தொழிலதிபரும் அரசாங்க ஆதரவோட க்யோதோ உன்யுன்னு ஒரு போட்டி கப்பல் கம்பெனிய எறக்கி விட்டாங்க, ரெண்டும் மாத்தி மாத்தி ரேட்ட கொறச்சு ரெண்டுமே நாறிப்போச்சு. 1885ல யதாரோ இறந்துட்டாரு, அதே வருஷம் ரெண்டையும் ஒண்ணாக்கி என்.ஒய்.கே.ன்னு ஆக்குனாங்க. அதே என்.ஒய்.கே.தான் 1893ல ஜம்ஷெட்ஜி டாடாவோட சேந்து பம்பாய் பருத்தி ஏத்துற லைன தொடங்கி, பிரிட்டிஷ் பி அண்ட் ஓ கம்பெனிய எதுத்து நின்னுச்சு. மிட்சுபிஷி டிரேடிங் தனிக் கம்பெனியா ஆனது 1918லதான்.

இதோச்சு கத எல்லாத்தையும் விட எளிமை. 1858, ஓமிங்கற வட்டாரத்து பையன் இதோ சூபே, வயசு 15, லினன் துணிய எடுத்துக்கிட்டு ஊர் ஊரா போய் வித்தான். மாருபெனிக்கும் மூலம் இதே ஆளுதான்.

ஜப்பான்ல ஒரு சொல்வழக்கு உண்டு, ஆளுக்கு மிட்சுயி, அமைப்புக்கு மிட்சுபிஷின்னு. சும்மா சொல்றாங்கன்னுதான் நெனச்சேன், 1947 கதய படிச்சதும் நம்பிட்டேன். போர் முடிஞ்சு அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகம் மிட்சுயி, மிட்சுபிஷி ரெண்டு டிரேடிங் கம்பெனியையும் கலைக்கச் சொல்லிச்சு, சாதாரணமா இல்ல, பழைய ஸ்டாஃப் 100 பேருக்கு மேல ஒரே எடத்துல சேரவே கூடாதுன்னு கண்டிஷன். மிட்சுயி 200க்கு மேல துண்டாச்சு, மிட்சுபிஷி 100க்கு மேல. மிட்சுபிஷிக்காரங்க 1954லயே ஒண்ணு சேந்துட்டாங்க. மிட்சுயில ஆளாளுக்கு கெட்டிக்காரன், யாரு தலைங்கறதுலயே இழுத்துக்கிட்டு 1959 வரைக்கும் ஆயிடுச்சு. அந்த அஞ்சு வருஷத்துல மிட்சுபிஷி முன்னாடி போயிடுச்சு, என்னக் கேட்டா மிட்சுயி இன்னும் அந்த வட்டிய கட்டிட்டிருக்கு.

அடுத்து ரிஸ்க் எடுக்கற விதம். மிட்சுபிஷி 1969ல புருனேல எரிவாயுவ திரவமாக்கற ப்ராஜெக்ட்ல காசு போட்டுச்சு, அப்ப அது பெரிய சூதாட்டம், ஆனா பொறுமையா இருந்து 1972ல இருந்து கப்பல் கப்பலா எடுத்துச்சு. மிட்சுயி போனது ஈரானுக்கு. 1970கள்ல பெரிய பெட்ரோகெமிக்கல் ஆலை, கிட்டத்தட்ட 85 சதவீதம் கட்டி முடிச்சாச்சு, 1979ல புரட்சி, சரின்னு மறுபடி தொடங்கலாம்னு பாத்தா 1980ல ஈராக் விமானம் குண்டு போட ஆரம்பிச்சுடுச்சு, விடவும் முடியாம முடிக்கவும் முடியாம பத்து வருஷம் தொங்கி கடைசில கைய கழுவுனாங்க. 2010ல மெக்சிகோ வளைகுடால வெடிச்ச எண்ணெய்க் கிணறு இருக்கே, அதுலயும் 10 சதவீதம் மிட்சுயி பங்கு, கிணத்த நடத்துன பிபி கம்பெனிக்கு நூறு கோடி டாலருக்கு மேல குடுத்து செட்டில் பண்ணாங்க. ராசியே சரியில்ல! இல்ல, எல்லா எடத்துலயும் மொதல்ல கால வைக்கிறவனுக்கு இப்படித்தான் ஆகும்.

இதோச்சு எண்ணெய்ல தப்பிச்சுடுச்சுன்னு நெனைக்காதீங்க. 2011ல அமெரிக்கால சாம்சன்ங்கற கம்பெனில நூறு கோடி டாலர் போட்டு 25 சதவீதம் வாங்கி, 2015ல அத ஒரு டாலருக்கு குடுத்துட்டு வந்தாங்க. எழுத்துப்பிழை இல்ல, ஒரு டாலர். ஆனா வீட்டோட சோறு வேற எடத்துல வேகுது: துணி, சாப்பாடு, ஃபேமிலிமார்ட் கடைங்க. மிட்சுபிஷிகிட்டயும் லாசன்னு கடைங்க இருக்கு, ஆனா அங்க ஆஸ்திரேலிய நிலக்கரியும் எரிவாயுவும்தான் பெரிய சம்பாத்தியம்.

அதோட வித்தியாசம் 2016 மார்ச்ல முடிஞ்ச வருஷக் கணக்குல தெரிஞ்சுது. எண்ணெய், செம்பு, இரும்புத்தாது எல்லாம் விலை விழ, மிட்சுபிஷிக்கு சுமார் 14,900 கோடி யென் நஷ்டம், மிட்சுயிக்கு சுமார் 8,300 கோடி யென், ரெண்டுக்குமே போருக்கப்புறம் ஒண்ணு சேந்ததுல இருந்து மொத வருடாந்திர நஷ்டம். இதோச்சு 24,000 கோடி யென் லாபம் காட்டி மொத தடவையா முதலிடம். துணி மூட்டை தூக்குனவன் ஜெயிச்ச வருஷம்.

அதுக்காக எப்பவும் இதோச்சுதான்னு சொல்லிட முடியாது, சரக்கு விலை ஏறுன வருஷத்துல மத்த ரெண்டும் கொட்டிக் குவிக்கும். என் கைல காசு இருந்தா இதோச்சுவுக்குத்தான் போகும், கத படிக்க மட்டும் மிட்சுயி. பஃபெட் இந்த மாதிரியெல்லாம் மண்டைய ஒடைச்சுக்கல. கம்மி வட்டிக்கு யென்லயே கடன் வாங்கி அஞ்சையும் வாங்குனாரு, மொத்தம் 1,380 கோடி டாலர் போட்டது 2024 கடைசில 2,350 கோடியா நின்னுச்சு.