விருது விழாவில் தோற்றவர் கோபம்: கான்யே வழியா, வீக்கெண்ட் வழியா?

விருது கிடைக்காதவர் முகத்தைச் சுளித்தாலே போதும், "தோல்வியைத் தாங்கத் தெரியாத ஆள்" என்று முத்திரை குத்திவிடுகிறோம். எல்லாரையும் ஒரே முத்திரைக்குள் அடைப்பது எனக்கு ஒப்பவில்லை. அடுத்தவர் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கியவரும், இனி என் பாட்டை உங்கள் போட்டிக்கு அனுப்பவே மாட்டேன் என்றவரும், கைதட்டாமல் வெறுமனே உட்கார்ந்திருந்தவரும் செய்தது ஒரே காரியமா? இவர்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்க எனக்கு இரண்டு கேள்விகள் போதும். கோபம் யார் தலையில் விழுந்தது? அதனால் ஏதாவது மாறியதா?

அமெரிக்க ராப் பாடகர் கான்யே வெஸ்டிலிருந்தே தொடங்கலாம். 2009 செப்டம்பர் 13, நியூயார்க் ரேடியோ சிட்டி மியூசிக் ஹாலில் எம்டிவி வீடியோ விருது விழா. சிறந்த பாடகிக்கான வீடியோ விருதை வாங்க மேடையேறிய டெய்லர் ஸ்விஃப்டுக்கு அப்போது வயது 19. அவர் நன்றி சொல்லிக்கொண்டிருக்கும்போதே கான்யே மேலே ஏறி மைக்கை வாங்கி, பாடகி பியான்சேயின் வீடியோ எக்காலத்துக்கும் சிறந்த வீடியோக்களில் ஒன்று என்று அறிவித்தார். அந்தப் பிரிவில் கான்யே போட்டியிடவே இல்லை. யாருக்காகக் கொந்தளித்தாரோ அந்தப் பியான்சே கீழே அதிர்ந்துபோய் உட்கார்ந்திருந்தார். அதே இரவில் ஆண்டின் சிறந்த வீடியோ விருது பியான்சேக்கே கிடைத்தது. அவர் ஸ்விஃப்டை மேடைக்கு அழைத்து, பறிபோன பேச்சைப் பேசி முடிக்கச் சொன்னார்.

கான்யே சொன்ன கருத்தில் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். கறுப்பு வெள்ளையில் மூன்று பெண்கள் ஆடும் பியான்சேயின் 'சிங்கிள் லேடீஸ்' வீடியோவை உலகம் முழுக்க ஆடிப் பார்த்தார்கள். ஆனால் முடிவை எடுத்தது ஸ்விஃப்ட் இல்லையே. எம்டிவியின் மேல் இருந்த கோபத்தை ஒரு 19 வயதுப் பெண்ணின் மேல் இறக்கினார். மறுநாள் ஜே லெனோவின் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குப் போய் வருத்தம் தெரிவிக்க வேண்டியதாயிற்று. லேடி காகாவோடு சேர்ந்து நடத்துவதாக இருந்த இசைப் பயணமும் ரத்தானது. பியான்சேக்கு என்ன கிடைத்தது? அவர் வென்ற இரவில்கூட மறுநாள் பேச்செல்லாம் கான்யேயைப் பற்றித்தான்.

இது அன்று மட்டும் நடந்த சறுக்கலும் இல்லை. 2004-இல் அமெரிக்க இசை விருதுகளில் புதுமுக விருது கன்ட்ரி இசைப் பாடகி கிரெச்சன் வில்சனுக்குப் போனதும் அரங்கை விட்டு வெளியேறினார். 2006-இல் கோபன்ஹேகனில் நடந்த எம்டிவி ஐரோப்பிய விழாவில், வென்றவர்கள் மேடையில் இருக்கும்போதே ஏறி, என் வீடியோவுக்குப் பத்து லட்சம் டாலர் செலவழித்திருக்கிறேன் என்று முறையிட்டார். செலவுக் கணக்கைக் காட்டி விருது கேட்பது கலைஞன் பேச்சாக எனக்குப் படவில்லை. 2015 கிராமியில் ஆண்டின் சிறந்த ஆல்பம் பாடகர் பெக்கின் 'மார்னிங் ஃபேஸ்' என்று அறிவித்ததும் மறுபடி மேடைவரை வந்தார். அன்று மைக்கைத் தொடாமல் திரும்பிவிட்டார். ஆனால் விழா முடிந்த கையோடு, பெக் அந்த விருதைப் பியான்சேயிடம் கொடுத்திருக்க வேண்டும் என்று பேட்டி கொடுத்தார். பியான்சேதான் வெல்வார் என்று நினைத்ததாக பெக்கே சொன்னவர்! பிறகு கான்யே அவரிடமும் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். ஒவ்வொரு முறையும் அடி வாங்கியது வென்றவர், தப்பித்தது விருது கொடுத்த அமைப்பு.

மேடையேறிக் கத்தாமலே இதைவிட மோசமாக நடந்துகொள்ளவும் முடியும். 1963 ஆஸ்கரில் நடிகை ஜோன் கிராஃபோர்டுக்குப் பரிந்துரை கிடைக்கவில்லை. அவரோடு நடித்த பெட்டி டேவிஸுக்குக் கிடைத்தது, இருவருக்கும் ஆகாது. நேரில் வர முடியாத போட்டியாளர்களுக்கெல்லாம் உங்கள் விருதை நான் வாங்கித் தருகிறேன் என்று கிராஃபோர்ட் முன்வந்தார். நியூயார்க்கில் நாடகத்தில் இருந்த ஆன் பேன்கிராஃப்ட் வென்றார். தோற்றுப்போன டேவிஸ் பார்க்க, மேடைக்குப் போனவர் கிராஃபோர்ட். தோற்ற இன்னொருவரையே வெட்டுவதற்குத் தீட்டிய கோபம் அது. கான்யேயிடம் பியான்சே மேல் பரிவாவது இருந்தது.

இப்போது எதிர்ப்பக்கம். 'தி வீக்கெண்ட்' என்ற பெயரில் பாடும் ஏபெல் டெஸ்ஃபாயேக்கு 2020 அவருடைய ஆண்டு. 'பிளைண்டிங் லைட்ஸ்' பில்போர்ட் பட்டியலின் முதல் பத்தில் ஓராண்டுக்கு மேல் இருந்த முதல் பாடலானது. அப்படி இருக்க, அந்த நவம்பரில் வந்த கிராமி பரிந்துரைப் பட்டியலில் அவர் பெயர் ஓரிடத்திலும் இல்லை. கிராமி இன்னும் ஊழல்மிக்கதாகவே இருக்கிறது, வெளிப்படைத்தன்மை வேண்டும் என்று ட்விட்டரில் எழுதினார். 2021 மார்ச்சில் விழா நெருங்கியபோது, ரகசியக் குழுக்கள் இருப்பதால் இனி என் இசையைக் கிராமிக்கு அனுப்பவே விடமாட்டேன் என்றார்.

அந்த ரகசியக் குழு என்பது என்ன என்று தெரிந்தால்தான் இந்தக் கோபத்தின் எடை புரியும். கிராமியில் வாக்களிப்பவர்கள் ரெக்கார்டிங் அகாடமியின் உறுப்பினர்கள், எல்லாரும் இசைத் துறையினர். ஆனால் 1989-இலிருந்து பல பிரிவுகளில் அவர்கள் வாக்கு நேராகப் பட்டியலாக மாறவில்லை. வாக்கில் முன்னே வந்தவற்றை ஒரு சிறு குழு தனியே உட்கார்ந்து கேட்டு, இறுதிப் பட்டியலைத் தீர்மானித்தது. புகழை மட்டும் வைத்து உறுப்பினர்கள் வாக்களித்துவிடக் கூடாது, தரம் பார்க்க வேண்டும் என்பது அகாடமி சொன்ன காரணம். காரணத்தில் தவறில்லை. குழுவில் இருப்பது யார், அவர்களுக்கும் பட்டியலில் இருப்பவர்களுக்கும் என்ன தொடர்பு என்பது வெளியே தெரியாமல் வைத்ததுதான் தவறு. 2020 ஜனவரியில் கட்டாய விடுப்பில் அனுப்பப்பட்ட அகாடமியின் அப்போதைய தலைவர் டெபோரா டூகனும் இந்தக் குழுக்களில் சார்பும் முறைகேடும் இருப்பதாகப் புகார் கொடுத்திருந்தார். அகாடமி அதை மறுத்தது.

வீக்கெண்ட் கதவைச் சாத்திய சில வாரங்களில், 2021 ஏப்ரல் 30 அன்று, பெரும்பாலான பிரிவுகளில் அந்தக் குழுக்களை அகாடமி கைவிட்டது. அவர் ஒருவரால்தான் இது நடந்தது என்று எழுதினால் டூகனுக்கும், அவருக்கு முன்பே கிராமியிலிருந்து ஒதுங்கி நின்ற பாடகர் ஃபிராங்க் ஓஷன் போன்றவர்களுக்கும் அநியாயம். ஆனாலும் கோபத்தை எங்கே வைத்தார் என்று பாருங்கள். யாருடைய பாட்டையும் மட்டம் தட்டவில்லை. அந்த ஆண்டு வென்ற யாருடைய பேச்சும் அவரால் கெடவில்லை. ஒரு விதியைக் குறிப்பாகச் சுட்டினார், அந்த விதி போனது.

அவர் மேலும் எனக்கு ஒரு குறை உண்டு. இதே குழுக்கள் இருந்த காலத்தில் அவர் மூன்று கிராமி வாங்கியிருக்கிறார். அப்போது இந்தக் கேள்வி அவர் வாயில் வரவில்லை, தன் காலில் முள் தைத்த பிறகுதான் வந்தது. அதற்காகக் கேள்வி பொய்யாகிவிடாது. சொன்ன சொல்லில் நின்றதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். குழுக்கள் போன பிறகும் உடனே ஓடி வரவில்லை. 2025 பிப்ரவரி 2 அன்றுதான் கிராமி மேடையில் மறுபடி பாடினார். அதற்கு முன்னால் அகாடமித் தலைவர் ஹார்வி மேசன் ஜூனியர் மேடையில் வந்து, எங்கள் மேல் வைக்கப்பட்ட விமர்சனங்களைக் கேட்டோம், மாறியிருக்கிறோம் என்று பேசினார்.

இந்த இரண்டு வழிகளையும் ஒரே குறைக்கு வைத்துப் பார்க்க வேண்டுமானால் பியான்சே கதைக்குத்தான் திரும்ப வேண்டும். ஆண்டின் சிறந்த ஆல்பம் விருதை அவர் 2010-இல் ஸ்விஃப்டிடம், 2015-இல் பெக்கிடம், 2017-இல் அடேலிடம், 2023-இல் ஹாரி ஸ்டைல்ஸிடம் இழந்தார். கான்யே இதற்குக் கத்தினார். அடேல் விருதைக் கையில் வைத்துக்கொண்டே, பியான்சேயின் 'லெமனேட்' ஆல்பத்தின் பெருமையைக் கண்ணீரோடு சொன்னார். மனதார வந்த பெருந்தன்மை அது, சந்தேகமில்லை. அடேல் எதிர்த்துக் கேட்டதும் உண்டு, பியான்சே வெல்ல இன்னும் என்னதான் செய்ய வேண்டும் என்று. ஆனால் அதை மேடைக்குப் பின்னால் செய்தியாளர்களிடம்தான் கேட்டார்.

2024 பிப்ரவரியில் பியான்சேயின் கணவர் ஜே-ஸீ அந்தக் கேள்வியை மேடைக்குக் கொண்டுவந்தார். தனக்குத் தரப்பட்ட ஒரு கௌரவ விருதை வாங்க, மகளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு பேசினார். பெயர் சொல்லாமல் மனைவியைச் சுட்டி, எல்லாரையும் விட அதிக கிராமி வாங்கியவருக்கு ஆண்டின் சிறந்த ஆல்பம் ஒருமுறைகூட இல்லை, உங்கள் சொந்தக் கணக்குப்படியே இது பொருந்தவில்லையே என்று கேட்டார். 31 கிராமி வாங்கிய இசை நடத்துநர் ஜார்ஜ் ஷோல்டியின் சாதனையை 2023-இல் 32 வாங்கித் தாண்டியவர் பியான்சே. ராப் பிரிவைத் தொலைக்காட்சியில் காட்டாததற்காக 1989-இல் வில் ஸ்மித்தும் ஜாஸி ஜெஃபும் விழாவைப் புறக்கணித்ததையும் ஜே-ஸீ நினைவுபடுத்தினார். கான்யே எழுப்பிய அதே குறைதான். ஆனால் பேசியது தன் முறையில், தன் மைக்கில், அகாடமியை நேருக்கு நேர் பார்த்து. ஹாரி ஸ்டைல்ஸ் பெயரை இழுக்கவில்லை. மறு ஆண்டு 'கவ்பாய் கார்ட்டர்' ஆல்பத்துக்காக பியான்சே அந்த விருதை வாங்கினார். அந்தப் பேச்சுதான் வாங்கிக் கொடுத்தது என்று நான் சொல்ல வரவில்லை. அன்று சிறந்த கன்ட்ரி ஆல்பம் விருதையும் பியான்சேதான் வென்றார். அந்தப் பெயரை மேடையில் அறிவித்தவர் டெய்லர் ஸ்விஃப்ட்.

மௌனமாக வருந்துபவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் திட்டு வாங்குவது அவர்கள்தான். ஆஸ்கரில் பெயரை அறிவிக்கும் நொடியில் போட்டியாளர்கள் எல்லார் முகத்தையும் தனித்தனிக் கட்டங்களில் திரையில் காட்டுகிறார்கள். தோற்றவர் முகத்தை நாம் பார்க்கவேண்டும் என்றே செய்த ஏற்பாடு அது. 1995-இல் மார்ட்டின் லேண்டோவின் பெயர் வந்ததும் சாமுவேல் எல். ஜாக்சன் ஒரு கெட்ட வார்த்தையை முணுமுணுத்தது அந்தக் கட்டத்தில் அப்படியே தெரிந்தது. 2023-இல் ஜேமி லீ கர்ட்டிஸ் பெயர் வந்தபோது ஏஞ்சலா பேசெட் எழவில்லை, சிரிக்கவில்லை. உடனே கண்டனம் பறந்தது. அவர் யார் மைக்கையும் பிடுங்கவில்லை, யாரையும் ஒரு சொல் சொல்லவில்லை. பல பத்தாண்டு உழைத்த ஒரு நடிகைக்குச் சில நொடி ஏமாற்றத்துக்குக்கூட உரிமை இல்லையா? இதைத் தோற்றவரின் முரட்டுத்தனம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை.

இயக்குநர் ஸ்பைக் லீயிடம் மட்டும் எனக்குத் தயக்கம். 2019-இல் 'கிரீன் புக்' சிறந்த படம் என்றதும் அரங்கை விட்டுப் போகப் பார்த்தார், திரும்பி வந்து வென்றவர்கள் பேசும்போது முதுகைக் காட்டி நின்றார். 1990-இல் அவருடைய 'டூ தி ரைட் திங்' சிறந்த படப் பட்டியலுக்கே வராமல் 'டிரைவிங் மிஸ் டெய்சி' வென்ற பழைய காயம் அதற்குப் பின்னால் இருந்தது, அது எனக்கும் வலிக்கிறது. ஆனாலும் முதுகைப் பார்த்தது அகாடமி இல்லை, மேடையில் நின்றவர்கள்.

வீக்கெண்டின் வழியில் ஒரு பெரிய இடைஞ்சல் இருக்கிறது. நேற்று வந்த பாடகி ஒருத்தி கிராமியைப் புறக்கணிக்கிறேன் என்றால் யாருக்குத் தெரியும்? ரசிகர் படையும் விற்பனையும் இருப்பவர் கதவைச் சாத்தினால்தான் சத்தம் கேட்கும். அதனால்தான் 2025-இல் ஊர்வசி செய்ததை நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். 71-வது தேசியத் திரைப்பட விருதுகளில் 'உள்ளொழுக்கு' படத்துக்காக அவருக்குச் சிறந்த துணை நடிகை விருது அறிவித்தார்கள். 'பூக்காலம்' விஜயராகவனுக்கும் நம்ம 'பார்க்கிங்' எம்.எஸ்.பாஸ்கருக்கும் துணை நடிகர் விருது. ஊர்வசி விருது வந்த மகிழ்ச்சியோடு நிறுத்திக்கொள்ளவில்லை. முதன்மை நடிகர் என்றும் துணை நடிகர் என்றும் எதை வைத்துப் பிரிக்கிறீர்கள் என்று நடுவர் குழுவை வெளிப்படையாகக் கேட்டார், விஜயராகவனுக்காகவும் சேர்த்துக் கேட்டார். ஆஸ்கரிலும் இந்தக் குழப்பம் உண்டு. 2021-இல் ஒரே படத்தின் இரண்டு முக்கிய நடிகர்களான டேனியல் கலூயாவும் லகீத் ஸ்டான்ஃபீல்டும் துணை நடிகர் பட்டியலிலேயே வந்தார்கள். ஆனால் அங்கே ஒருவரை எந்தப் பிரிவில் போடுவது என்பது வாக்களிப்பவர் விருப்பம் என்று விதியிலேயே இருக்கிறது. இங்கேயும் விதி என்னவென்று நடுவர் குழு சொல்லட்டும். கேட்டவரை விருது போதாமல் புலம்புகிறவர் என்று ஒதுக்க ஒரு நியாயமும் இல்லை.