பீட்டில் மட்கார்டு போல்ட்: எண்ணெயா, சூடா, வெட்டா?

பழைய வோக்ஸ்வாகன் பீட்டில் காரின் நாலு மட்கார்டும் பாடியோடு வெல்டிங் ஆனவை இல்லை, போல்ட்டில் நிற்பவை. கழற்ற வேண்டியது 8 மி.மீ போல்ட், 1.25 பிட்ச் (மரைக்கு மரை இடைவெளி, மி.மீ-யில்), 13-ஆம் நம்பர் சாக்கெட். தாளில் பார்த்தால் அரைமணி நேர வேலை. சிக்கல் தலையில் இல்லை, பின்னால் இருக்கிறது. நட், பாடித் தகட்டின் மறுபக்கம் பற்றவைக்கப்பட்டது. பல இடங்களில் ஸ்பேனர் எட்டாது. நட்டைத் தாண்டி நீளும் மரை, ஈரத்தில் துருவேறி நட்டின் துளையைவிடப் பருத்துப்போகும். போல்ட் முதல் சுற்றுக்கு அசைந்துவிட்டு மூன்றாவது சுற்றில் இறுகுவது இதனால்தான்.

போல்ட் கடையில் கிடைக்கும். நட் போனால் தகட்டையே வெட்ட வேண்டும். எந்த வழியானாலும் நட் பிழைக்குமா என்று பார்த்துத்தான் எடைபோட வேண்டும்.

காசு குறைவு எண்ணெய் வழிக்கு. கம்பி பிரஷ்ஷால் சேற்றையும் பழைய அண்டர்கோட்டையும் (அடிப்பக்கத் துருத்தடுப்புப் பூச்சு) சுரண்டி மரை தெரியும்வரை சுத்தம் செய்து, துரு இளக்கும் எண்ணெயைக் காலை மாலை இரண்டு மூன்று நாள் விட வேண்டும். ஏ.டி.எஃப்-பும் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெய்) அசிட்டோனும் சம அளவு கலந்த கலவையும் நன்றாக ஊறும்; ஆனால் பிரிந்துவிடும், ஒவ்வொரு முறையும் குலுக்க வேண்டும், பக்கத்தில் நெருப்பு ஆகாது. சக்கரக் கூட்டுக்குள் இருந்து தலைமேல் விட்டால் மட்கார்டு தகடும் இடையிலுள்ள பீடிங் பட்டையும் மறிக்கும், பாதி எண்ணெய் கீழேதான் வழியும். டிரிம், தரைவிரிப்பைக் கழற்றி உள்பக்கத்தில் எட்டும் இடங்களில் விடுவது பலன் தரும். பிறகு சிறு சுத்தியால் தலையில் நாலு தட்டு, ஆறுமுனை சாக்கெட், முதலில் இறுக்கும் பக்கம் இம்மி அளவு அசைப்பு, அதன்பின் கழற்றல். பன்னிரண்டு முனை சாக்கெட் துருப்பிடித்த தலையை மழுக்கிவிடும். அசைந்ததும் ஒரேயடியாக இழுக்கக் கூடாது: அரைச்சுற்று வெளியே, கால்சுற்று உள்ளே, இடையில் எண்ணெய்.

எண்ணெய் தோற்ற இடத்தில் சூடு. நட்டைச் சுட்டால் அது விரிந்து விடும் என்பது பொதுக் கணக்கு. இங்கே நட் கண்ணுக்கே தெரியாது. அதனால் போல்ட் தலையைச் செம்மை கண்டும் காணாத சூட்டுக்குக் கொண்டுபோய் ஆறவிட வேண்டும். 600 டிகிரி ஏறினால் 8 மி.மீ போல்ட் ஏறக்குறைய 0.06 மி.மீ பருக்கும்; அது மரைக்கிடையில் இருக்கும் துருவை நொறுக்கப் போதும். ஆறிக்கொண்டிருக்கும்போது, மெழுகு உருகும் சூட்டில் மெழுகுவர்த்தியைத் தொட்டால் மெழுகு மரைக்குள் இழுபடும்.

கேஸ் டார்ச்சா, சுருளில் மின்சாரம் ஓடவிட்டுச் சூடேற்றும் இண்டக்‌ஷன் ஹீட்டரா? இந்த வண்டிக்குச் சந்தேகமில்லாமல் இண்டக்‌ஷன்தான். முன் மட்கார்டுகளுக்கு நடுவில் பெட்ரோல் டேங்க், பக்கத்திலேயே ஹெட்லைட் ஒயர். டார்ச் என்றால் டேங்கையும் குழாயையும் முதலில் கழற்றி வெளியே வைத்தாக வேண்டும். இண்டக்‌ஷனில் தீச்சுடர் இல்லை என்றாலும் சிவந்த போல்ட் பெட்ரோல் ஆவிக்குப் போதும். டேங்கைக் கழற்றுவது அதற்கும் பொருந்தும். ஒரு சுருள் உள்ளே நுழையாத மூலைகள்தான் அதன் குறை. எந்தச் சூட்டுக்கும் முன் பிரேக் கிளீனரால் துடைத்த இடத்தைத் தண்ணீராலும் காற்றாலும் சுத்தம் செய்ய வேண்டும்: குளோரின் கலந்த வகை சூட்டில் நச்சுவாயு ஆகும்.

தட்டித் தட்டித் திருகும் அரை அங்குல இம்பாக்ட் ரென்ச்சை இதற்கு எடுக்காமல் இருப்பது நல்லது. 8 மி.மீ போல்ட்டுக்கு இறுக்கமே 25 நியூட்டன் மீட்டர் அளவில்தான். இம்பாக்ட் ரென்ச் நூற்றுக்கணக்கில் தரும். தலை பறந்தால் பரவாயில்லை, நட்டின் வெல்டிங் விட்டால் போல்ட்டும் நட்டும் சேர்ந்து சுற்றும். கதவுக் கீலின் கூட்டல் குறித் தலைத் திருகுக்கு மட்டும் சுத்தியால் அடிக்கும் இம்பாக்ட் டிரைவர் கைகொடுக்கும்: அடி பிட்டை உள்ளே அழுத்திக்கொண்டே திருப்பும், தலை வழுக்காது. பிட் குழியை முழுதாக நிரப்ப வேண்டும்.

நட் சுற்ற ஆரம்பித்துவிட்டால் போராட்டத்தை நிறுத்தி வெட்டுக்குப் போக வேண்டும். 1 மி.மீ கட்டிங் வீலால் தலையில் இரண்டு குறுக்கு வெட்டு, உளியால் ஒரு தட்டு. தலை போனதும் மட்கார்டு கையோடு வரும். தகட்டைத் தொடாமல் வீல் நிற்க இடமில்லாத இடத்தில் தலையின் நடுவில் 5 மி.மீ, பிறகு 8.5 மி.மீ துளை.

தலை உடைந்து நட் மட்டும் கெட்டியாக நிற்கிறதா? வெளியே 3 மி.மீ நீட்டிக்கொண்டிருந்தால் அதன்மேல் ஒரு நட்டை வைத்து மிக் வெல்டிங் போடுவதுதான் முதல் தேர்வு. சூடும் பிடியும் ஒருசேரக் கிடைக்கும். பேட்டரியைக் கழற்றி, வெல்டிங்கின் எர்த் கிளாம்பைப் பக்கத்திலேயே பிடிக்கவும். தகட்டோடு சமமாக உடைந்திருந்தால் கழற்றும் பக்கமே சுற்றித் துளைக்கும் இடச்சுற்று டிரில் பிட் 5 மி.மீ. துளையிடும்போதே சில சமயம் துண்டு சுழன்று வெளியேறும். துளைக்குள் திருகி உடைந்த துண்டை வெளியே இழுக்கும் ஈஸி-அவுட் கடைசி வழி: கடினமான அந்தக் கம்பி உள்ளே ஒடிந்தால் சாதாரண பிட் அதைக் கீறாது. எதுவும் ஆகவில்லையானால் 6.8 மி.மீ வரை துளைத்து மரை வெட்டும் 1.25 டேப் ஓட்டலாம்.

நட் போன இடத்தில் ரிவெட் போல ஒரு பக்கத்திலிருந்தே நசுக்கிப் பொருத்தும் ரிவெட் நட் போடும் ஆசை வரும். 8 மி.மீ-க்கு 11 மி.மீ துளை வேண்டும். அரித்து மெலிந்த தகட்டில் அது பிடிக்காது, அடுத்த தடவை அதுவே சுற்றும். உள்பக்கத்தில் 30 மி.மீ அளவு ஜன்னல் வெட்டி, நட் பற்றவைத்த தகட்டுத் துண்டைப் பொருத்தி, ஜன்னலை மூடுவது நேரம் பிடிக்கும் வேலை. அதைத்தான் செய்ய வேண்டும்.