"காது குத்துதல் இலவசம்" போர்டைப் பார்த்து உள்ளே போய்விடாதீர்கள்: 14,800 ரூபாய் போச்சு

திருநெல்வேலிப் பக்கம் குழந்தைக்குக் காது குத்தப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். எங்களுக்கு 14,800 ரூபாய் போயிருக்கிறது. என் தம்பியின் காசு, தாய்மாமன் சீர். பிள்ளையின் இடது காதில் இன்னும் கட்டுப் பிரிக்கவில்லை. கடைப் பெயரை இங்கே போடப் போவதில்லை. சின்னதும் இல்லை பெரியதும் இல்லை, வாசலில் "காது குத்துதல் முற்றிலும் இலவசம்" என்று போர்டு மாட்டிய நகைக்கடை. அவ்வளவு தெரிந்தால் போதும்.

எப்போது குத்துவது என்பதில் எங்கள் வீட்டில் பெரிய பிரச்சனை இல்லை. ஆச்சிக்கு ஒற்றைப்படை மாதமாக இருக்க வேண்டும். ஏழும் ஒன்பதும் தாண்டிவிட்டதால் பதினொன்றாம் மாதம் என்று முடிவானது. குழந்தை டாக்டர் கேட்டது ஒன்றுதான்: ஆறு, பத்து, பதினான்காம் வாரத் தடுப்பூசி மூன்றும் போட்டாச்சா? டெட்டனஸுக்கான மருந்து அதில்தான் இருக்கிறது. போட்டிருந்தோம். காய்ச்சல், சளி இல்லாத நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார், சரி.

எங்கே குத்துவது என்பதில்தான் குழப்பம். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோவிலில் பிள்ளைகளை வரிசையாக மாமன் மடியில் உட்கார வைப்பார்கள், ஆசாரி குத்திக்கொண்டே போவார். எனக்கும் அங்கேதான் குத்தினார்கள். ஆனால் அந்த வெயில், அந்தக் கூட்டம், ஒரே ஊசி எத்தனை காதுக்குப் போகுமோ என்கிற பயம். "முதல்லயே கடையில குத்திருவோம்க்கா, கோவில்ல மடியில வச்சு சடங்க மட்டும் செஞ்சிருவோம்" என்றான் தம்பி. சீட்டு எடுத்த பணம் அப்போதுதான் அவன் கைக்கு வந்திருந்தது.

கடையில் ஒரு பெரியவர். நெற்றி நிறைய விபூதி, கல்லாவுக்கு மேலே நெல்லையப்பர் காந்திமதி படம், சாம்பிராணி வாசம். குழந்தையைப் பார்த்ததும் எழுந்தே வந்துவிட்டார். பெயரைக் கேட்டார், பாதத்தைத் தொட்டுக் கொஞ்சினார். "முகத்துல கை வைக்கக் கூடாதும்மா, கிருமி" என்றார். ஒரு தாய்க்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஊசியே வேண்டாம், கன் (துப்பாக்கி மாதிரிக் காது குத்துகிற கருவி) இருக்கிறது, கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும் என்றார். "ஏன் பயப்படுதிய? எம் பேத்திக்கும் இதுலதான் குத்துனோம்." கன்னுக்கென்றே செய்த 22 கேரட் கம்மலாம், 1.3 கிராமாம், ஜோடி 14,800 ரூபாய், குத்துவதற்குக் காசு கிடையாது. கம்மல் சின்னப் பிளாஸ்டிக் குமிழுக்குள் சீல் வைத்து இருந்தது. தம்பி அதைத் தராசில் வைக்கச் சொன்னான். அதற்கு வந்த பதிலைக் கவனியுங்கள்: "சீல உடச்சுத் தராசுல போட்டா கிருமி பட்டுரும்லா தம்பி. பச்சப் பிள்ளைக்குப் போடுதது. எடை கவர்லயே இருக்கு பாருங்க." இருந்தது, அச்சடித்து. பிறகு அந்தக் குமிழை எடுத்து இரண்டு கண்ணிலும் ஒற்றி, தம்பியின் உள்ளங்கையில் வைத்து, "மாமன் கையால எடுத்துக் குடுங்க" என்றார். தம்பிக்கு முகமெல்லாம் சிரிப்பு.

இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது. நாங்கள் எதற்குப் பயந்து கோவிலை விட்டுக் கடைக்குப் போனோமோ, அந்தப் பயத்தை வைத்தே எங்கள் வாயை அடைத்துவிட்டார்கள். கிருமி பட்டுவிடும் என்று சொன்ன பிறகு, பிரித்து உரசிக் காட்டு என்று எந்த அம்மா கேட்பாள்?

பில்லுக்குப் பதிலாக "எஸ்டிமேட்" என்று ஒரு துண்டுச் சீட்டு. ஜிஎஸ்டி பில் போட்டால் 3 சதவீதம் கூட வரும், உங்களுக்கு எதற்கு வீண் செலவு என்று எங்களுக்கு உதவி செய்வது போலச் சொன்னார்கள். சீட்டில் "கம்மல் 1 ஜோடி, 14,800" என்று மட்டும் இருக்கிறது. கேரட்டும் இல்லை, எடையும் இல்லை.

அப்புறம் வந்தான் பாருங்கள் கன் அடிக்கிற பையன். அதுவரை கடை முழுக்கப் பேசிய கிருமி எங்கே போனதோ. போனை நோண்டிக்கொண்டிருந்த அதே விரலால் கம்மலைப் பிடித்து மாட்டினான். காதுச் சோணையில் பேனாவால் ஒரு புள்ளி வைத்து அளவு பார்க்கக்கூட இல்லை. டக், டக். இரண்டு ஓட்டையும் ஒரே உயரத்தில் இல்லை.

சில நாளிலேயே இடது சோணை வீங்கிவிட்டது. கம்மலைச் சுற்றிப் பச்சையும் கறுப்புமாக ஒரு வளையம், தலையணையில் நீர்க்கறை. கடைக்குப் போன் போட்டால், "மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் போடுங்க, எல்லாப் பிள்ளைக்கும் அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். ஒரு நாள் காலையில் பார்த்தால் பின்பக்கக் கிளிப்பைக் காணோம். விழுந்துவிட்டது என்று நினைத்து மெத்தையெல்லாம் தேடினால், அது சதைக்குள் போய்ப் புதைந்திருக்கிறது. பாளையங்கோட்டையில் டாக்டர் மரத்துப்போக ஊசி போட்டு எடுத்தார். அவள் அழுததை எழுத எனக்குத் தெம்பில்லை.

கன் விஷயத்தை டாக்டர்தான் விளக்கினார். பெரும்பாலான கன்களில் பிளாஸ்டிக் பாகம் இருப்பதால் ஆட்டோகிளேவில், அதாவது சூடான நீராவியில் கிருமி நீக்கும் கருவியில், வைத்துச் சுத்தம் செய்ய முடியாதாம். ஊசி கூர்மையாகத் துளைக்கும், கன்னோ கம்மல் முனையைச் சதைக்குள் அடித்து இறக்கும். கிளிப்பும் இறுக்கமாகப் போய் உட்காரும், வீங்கினால் சதைக்குப் போக இடம் இருக்காது. அதோடு மட்டமான உலோகத்தில் நிக்கல் இருந்தால் அலர்ஜி வேறு.

மட்டமான உலோகம் என்றதும்தான் எனக்குச் சந்தேகம் தட்டியது. கழற்றிய கம்மலைத் தெரிந்த ஆசாரி ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் உரைகல்லில் லேசாக உரசிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. அரத்தை எடுத்துக் கம்பியில் ஒரு கீறல் போட்டு, அதில் ஒரு சொட்டு அமிலம் விட்டார். பச்சையாகப் பொங்கிக்கொண்டு வந்தது. "மேல முலாம்மா. உள்ள செம்போ பித்தளையோதான்" என்றார். 14,800 ரூபாய்க்கு!

கடைக்குப் போனோம். பெரியவரைக் காணோம். கவுண்டரில் இருந்த பெண், பிள்ளை கையை வைத்து இழுத்திருக்கும் என்றாள். மஞ்சள் போட்டதால் நிறம் மாறியிருக்கிறது என்றாள், மஞ்சள் போடச் சொன்னதே அவர்கள்தான். ஆசாரி சொன்னதைச் சொன்னதும், இது எங்கள் கடைக் கம்மலே இல்லை என்று மாறிவிட்டது பேச்சு. ஓனரிடம் பேச வேண்டும் என்றால், "வெளியூர் போயிருக்காவ, வந்ததும் கூப்புடச் சொல்லுதோம்." யாரும் கூப்பிடவில்லை. நாங்கள் கூப்பிட்டால் எடுப்பதில்லை, வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டால் "சொல்லுங்க சார்" என்று உடனே எடுக்கிறார்கள்.

கடைசியில் மேனேஜர் என்று ஒருவர் சட்டம் பேசினார். 2 கிராமுக்குக் குறைந்த நகைக்கு ஹால்மார்க், அதாவது தங்கத்தின் தர முத்திரை, கட்டாயமில்லையாம். அது உண்மைதான், அப்படி ஒரு விலக்கு இருக்கிறது. முத்திரை கட்டாயமில்லை என்றால் பித்தளையை 22 கேரட் என்று விற்கலாமா? அதைக் கேட்டதும், "வேற கம்மல் எடுங்க, இதுக்கு 900 ரூபாய் கழிச்சுத் தாரோம்" என்றார். 14,800-க்கு 900! தம்பி அங்கேயே சத்தம் போட, நான்தான் இழுத்துக்கொண்டு வந்தேன். ஆஸ்பத்திரிச் செலவு இந்தக் கணக்கில் வராது, அது தனி.

எங்கே குத்தலாம், எப்படிப் பார்த்துக்கொள்ளலாம் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆத்திரத்தில் ஒன்றும் ஓடவில்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். பிரிக்காத புது ஊசியால், கையுறை போட்டுக் குத்துகிற டாக்டரிடம் போங்கள். ஆசாரிதான் வேண்டும் என்றால் ஊசியை நீங்களே வாங்கிக் கொடுங்கள். சோணையில் மட்டும் குத்துங்கள், மேல் குருத்தெலும்பு வேண்டவே வேண்டாம், அங்கே புண் வந்தால் காதின் உருவமே கெட்டுவிடும். குத்திய பிறகு மஞ்சள், எண்ணெய் எதுவும் போடாதீர்கள், சலைன் என்கிற சுத்தமான உப்புத் தண்ணீர் போதும். புண் ஆற ஆறு வாரம் ஆகும், அதுவரை ஆற்றுக்குக் குளிக்கக் கொண்டுபோகாதீர்கள். கிளிப் சதையை அழுத்தினால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.

கம்மலைத் தனியாக, குத்துவதற்கு முன்பே வாங்குங்கள். கண் முன்னால் எடை போட்டு, கேரட், எடை, ஜிஎஸ்டி எல்லாம் எழுதிய பில் வாங்குங்கள். ஹால்மார்க் நகை என்றால் எழுத்தும் எண்ணும் கலந்து ஆறு இடத்தில் எச்யூஐடி என்ற அடையாள எண் இருக்கும், ஹால்மார்க் தருகிற பிஐஎஸ் அமைப்பின் "பிஐஎஸ் கேர்" ஆப்பில் போட்டால் விவரம் வரும். எஸ்டிமேட் சீட்டு என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் கொடுத்துவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகப் போகிறேன், பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. கம்மல், குமிழ், சீட்டு, டாக்டர் எழுதியது எல்லாம் ஒரே கவரில் வைத்திருக்கிறேன். இதே மாதிரி சீல் வைத்த கம்மலை யாராவது வாங்கியிருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், முதலில் உரசிப் பாருங்கள்.